ராடு ஒட்டுகிறது, கோடு கோணுகிறது: ஆர்க் வெல்டிங்கில் எங்கே தவறுகிறேன்?

முதல்பொறி

வணக்கம். இரண்டு மாதமாக ஓய்வு நேரத்தில் தனியாக ஆர்க் வெல்டிங் பழகுகிறேன். சொல்லிக் கொடுக்க அருகில் யாரும் இல்லை. மெஷின் 200 ஆம்ப்ஸ் வரை போகும் இன்வெர்ட்டர், ராடு (பூச்சு பூசிய, எரிந்து உருகும் கம்பி) 2.5 மிமீ 6013 வகை, பழகுவது 6 மிமீ இரும்புப் பட்டைத் துண்டுகளில்.

ராடு பற்றும்போதே ஒட்டிக்கொள்கிறது. பத்து முறை தொட்டால் ஆறு முறை ஒட்டும். பற்றிவிட்டால் நாலைந்து சென்டிமீட்டர் ஒழுங்காகப் போகிறது, அப்புறம் கோடு பாம்பு மாதிரி நெளிகிறது. வெல்டின் மேல் ஓடாகப் படியும் கசடைத் தட்டிப் பார்த்தால் இரும்பு குண்டு குண்டாக நிற்கிறது, குண்டுகளுக்கு நடுவே கறுப்பாகக் கசடு மாட்டியிருக்கிறது.

ஆம்ப்ஸை 70-இலிருந்து 110 வரை மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒட்டுவது குறைகிறதே தவிர, கோடு அப்படியேதான் இருக்கிறது. எடை தாங்கும் ஒரு வேலை மேசை செய்ய வேண்டும் என்பதுதான் என் குறிக்கோள். இந்த வெல்டை நம்பி அதன் மேல் எதையும் வைக்க முடியாது. மெஷினை மாற்ற வேண்டுமா, கையை மாற்ற வேண்டுமா?

பட்டறைக்காரன்

மெஷினை விடுங்கள். 2.5 மிமீ 6013-க்கு 110 மிக அதிகம். 75-இலிருந்து 90-க்குள் நில்லுங்கள், 6 மிமீ பட்டைக்கு 85 வைத்துத் தொடங்குங்கள். ராடு பெட்டியின் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும். பெட்டி இல்லை என்றால், ராடின் உள்கம்பி தடிமன் ஒரு மிமீ-க்கு 30, 35 ஆம்ப்ஸ் என்று கணக்குப் போடலாம். அது தொடங்குவதற்கு மட்டும்தான். அதற்கு மேல் ராடே சொல்லும். பாதி எரிவதற்குள் ராடு சிவந்து பூச்சு வெடித்தால் அதிகம். கோடு பட்டையில் ஒட்டாமல் கயிறு போல மேலேயே உட்கார்ந்தால் குறைவு.

நீலச்சுடர்

மேலே சொன்ன ஆம்ப்ஸ் கணக்கு சரி. ஆனால் நாலைந்து சென்டிமீட்டர் நன்றாகப் போய், பிறகு கெடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆம்ப்ஸ் தவறாக இருந்தால் முதலிலிருந்தே கெடும். அதனால் மூன்று கேள்விகள்.

எர்த் கிளாம்பை (மின்சாரம் மெஷினுக்குத் திரும்பும் கேபிளின் கவ்வியை) எங்கே மாட்டுகிறீர்கள்? பட்டையைக் கிரைண்டர் போட்டுச் சுத்தம் செய்கிறீர்களா? வெல்டு போடும்போது உங்கள் கண் எதைப் பார்க்கிறது? மூன்றாவதற்குக் கொஞ்சம் யோசித்துப் பதில் எழுதுங்கள்.

முதல்பொறி

கிளாம்ப் பழைய இரும்பு மேசையின் காலில் மாட்டியிருக்கிறது. அதில் பெயின்ட் இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. பட்டையை வயர் பிரஷ் போட்டுத் தேய்ப்பேன்.

மூன்றாவது கேள்விக்கு நேற்று கவனித்துப் பார்த்தேன். நான் பார்ப்பது ராடின் நுனியில் உள்ள வெளிச்சத்தை. அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. சுற்றிலும் இருட்டு. கோடு எங்கே போகிறது என்று தெரியாமல் குத்துமதிப்பாகத்தான் கையை நகர்த்துகிறேன்.

நீலச்சுடர்

எனக்கும் முதல் ஆறு மாதம் இதேதான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கிளாம்ப். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. கிளாம்பின் பல் எங்கோ ஒரு கீறலில் பட்டு இழுத்துக்கொண்டிருக்கிறது. தொடர்பு சில நேரம் நன்றாக இருக்கும், சில நேரம் இருக்காது. ராடு ஒட்டுவதில் பாதி இதனால் இருக்கலாம். கிளாம்பை வெல்டு போடும் பட்டையிலேயே, பளபளவென்று தேய்த்த இடத்தில் மாட்டுங்கள். பட்டையையும் வயர் பிரஷ் அளவில் விடாதீர்கள். புதுப் பட்டையின் மேல் இருக்கும் கருநீலத் தோல்கூட ஆர்க் பற்றுவதைத் தடுக்கும். வெல்டு வரும் இடத்தைக் கிரைண்டரில் வெள்ளையாக எடுத்துவிடுங்கள்.

இப்போது கண். ஆர்க் வெளிச்சத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. ராடுக்குக் கீழே, கொஞ்சம் பின்னால், உருகிய இரும்பு ஒரு சின்னக் குளமாக நிற்கும். நாம் பார்க்க வேண்டியது அந்தக் குளத்தை, முக்கியமாக அதன் பின்கரையை. அங்கே கசடு பிறை வடிவில் வந்து மூடிக்கொண்டே இருக்கும். குளம் அகலமாகிறதா, ஒடுங்குகிறதா, கசடு முன்னால் ஓடி வருகிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். குளத்தின் அகலம் ராடு தடிமனைப் போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு வரும்போது நகருங்கள். அந்த அகலம் மாறாமல் இருக்கிற வேகம்தான் சரியான வேகம். கையால் வேகத்தை எண்ணிக்கொண்டு போக முடியாது.

அடுத்தது, நாலைந்து சென்டிமீட்டருக்குப் பிறகு ஏன் கெடுகிறது? ராடு எரிந்து குட்டையாகிக்கொண்டே வருகிறது. 2.5 மிமீ ராடு முழுக்க எரிய ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் ஆகும். அப்படியென்றால் கை முன்னால் போகும்போதே, ஒவ்வொரு நொடியும் கீழேயும் இறங்க வேண்டும். பழகுகிறவர்கள் முன்னால் மட்டும் நகர்த்துவார்கள். ராடு குறையக் குறைய நுனிக்கும் பட்டைக்கும் இடைவெளி கூடும். ஆர்க் நீளமானால் வோல்ட்டேஜ் ஏறி, சூடு பரவலாகிவிடும். பூச்சு எரிந்து வரும் புகைதான் உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. அதுவும் கலைந்துபோகும். பொறி நிறையத் தெறிக்கும், இரும்பு சொட்டுச் சொட்டாக விழும். நீங்கள் சொன்ன குண்டுகள் அவைதான் என்று நினைக்கிறேன்.

ஆர்க் நீளம் உள்கம்பியின் தடிமன் அளவுக்கு மேல் போகக்கூடாது. உங்கள் ராடுக்கு 2.5 மிமீ, முடிந்தால் அதற்கும் குறைவு. 6013-இல் பூச்சு பட்டையில் லேசாக உரசுகிற அளவுக்கு நெருக்கினாலும் ஒன்றும் ஆகாது. சத்தத்தைக் கேளுங்கள். நெருக்கமாக இருந்தால் விடாமல் சடசடவென்று பொரிகிற சத்தம் வரும். விலகினால் அது மாறி, ஊதுகிற மாதிரி ஆகும். சில நாளில் உங்கள் காது கண்ணுக்கு முன்பே சொல்லிவிடும்.

ராடின் மேல்முனை போகிற திசையில் 10, 15 டிகிரி சாயட்டும். அப்போது நுனி, போட்ட வெல்டைத் திரும்பிப் பார்க்கும். அந்தச் சாய்வில் ஆர்க்கின் வேகமே கசடைப் பின்னால் தள்ளி நிறுத்தும். ராடை நிமிர்த்தினால் கசடு முன்னால் ஓடி வந்து உள்ளே மாட்டும்.

உலைக்களம்

ஒரு மாற்றுக் கருத்து. பழகுவதற்கு 6013 நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 6013-இன் கசடு தண்ணீர் மாதிரி ஓடும். எது கசடு, எது இரும்பு என்று புதியவருக்குப் பிரித்துத் தெரியாது. 7018 என்கிற ராடில் குளம் தெளிவாகத் தெரியும், கசடு ஒழுங்காகப் பின்னால் நிற்கும். முதல் இரண்டு எண் இழுவிசை வலிமை. 60 என்றால் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, 70 என்றால் 70,000. மேசை எடை தாங்க வேண்டும் என்றால் 7018-இலேயே பழகிவிடலாமே?

பட்டறைக்காரன்

எடை தாங்க 6013 போதும். வீட்டு மேசைக்கு 70,000 பவுண்டு தேவையில்லை. 6013 வெல்டு உடைந்தால் அது ராடின் பலம் குறைந்து உடையாது, உருகாத இடத்தில் விட்டுத்தான் உடையும்.

7018 ஈரத்துக்கு ஆகாது. பெட்டியைப் பிரித்த பிறகு 120 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான அடுப்பில் வைத்துப் பாதுகாக்க வேண்டிய ராடு அது. பூச்சில் ஈரம் ஏறினால் அதிலிருந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போகும். வெல்டு ஆறிப் பல மணி நேரம் கழித்துக்கூட விரிசல் விடும், தடிமனான இரும்பிலும் கடினமான இரும்பிலும் முக்கியமாக. அந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான் அந்த ராடையே செய்தார்கள். அலமாரியில் திறந்து கிடந்த 7018-ஐ எடுத்துப் போட்டால் அந்தப் பயன் போய்விடும்.

இன்னொன்று, நிறுத்திவிட்டுத் திரும்பப் பற்ற வைப்பது. 7018 நுனியில் கண்ணாடி மாதிரி கசடு மூடிக்கொள்ளும். அதை ஒவ்வொரு முறையும் உடைத்தால்தான் பற்றும். ராடு பற்ற வைக்கவே தடுமாறுகிறவருக்கு அது வேண்டாம்.

உலைக்களம்

பற்ற வைப்பது பற்றிச் சொன்னது சரி. குளம் தெளிவாகத் தெரிகிறது என்பதில் நான் மாறவில்லை. 6013-இல் கை ஓரளவு நின்ற பிறகு, ஒரு நாள் 7018-ஐப் போட்டுப் பார்க்கட்டும். அங்கே பார்த்த குளத்தை மனதில் வைத்துக்கொண்டு 6013-க்குத் திரும்பினால் கசடும் இரும்பும் தனித்தனியாகத் தெரியும். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

தீக்காப்பு

யாரும் பாதுகாப்பைப் பற்றி எழுதவில்லையே. தனியாகப் பழகுகிறார் என்பதால் சொல்கிறேன்.

ஹெல்மெட் இல்லாமல் ஒரு கணம் பார்த்தாலும் கண் புண்ணாகும். உடனே தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் தூங்கப் போன பிறகு, கண்ணில் மணல் கொட்டிய மாதிரி இருக்கும். துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பில் வெல்டு போடாதீர்கள். அந்தப் புகை காய்ச்சலும் குளிரும் கொண்டுவரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரில் துடைத்த இரும்பு அதைவிட மோசம். ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்கிற நச்சு வாயு வரும். வியர்வையில் நனைந்த கையுறையோடு ராடு மாற்றாதீர்கள். ஆர்க் இல்லாதபோதும் ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கும்.

ராடு ஒட்டினால் பதறி ஹெல்மெட்டைத் தூக்காதீர்கள். ஹெல்மெட் முகத்தில் இருக்கும்போதே ராடைப் பக்கவாட்டில் முறுக்குங்கள். வரவில்லை என்றால் ஹோல்டர் பிடியை அமுக்கி ராடைக் கழற்றிவிடுங்கள். கழறும்போதும் ஒரு பொறி அடிக்கும்.

உங்கள் ஹெல்மெட் எந்த ஷேடில் (கண்ணாடியின் இருட்டு அளவில்) இருக்கிறது?

முதல்பொறி

தானாக இருளும் ஹெல்மெட். 13-இல் வைத்திருக்கிறேன். கண்ணுக்குப் பாதுகாப்பு என்று அதிகபட்சத்தில் வைத்தேன்.

தீக்காப்பு

அதுதான்! 85 ஆம்ப்ஸுக்கு 10 போதும். தரமான ஹெல்மெட்டில் புற ஊதா, அகச்சிவப்புக் கதிர்களைத் தடுக்கும் வடிகட்டி எப்போதும் வேலை செய்யும், ஷேடு எண் எதுவாக இருந்தாலும். அந்த எண் வெளிச்சத்தை மட்டும்தான் கூட்டிக் குறைக்கிறது. 13-இல் வைத்தால் குளம் இருட்டில் மறைந்து ஆர்க் ஒன்றுதான் தெரியும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

வெளிப்பக்கக் கண்ணாடித் தகட்டையும் கழற்றிப் பாருங்கள். இரண்டு மாதப் பொறியும் புகையும் அதில் இருக்கும். அது மாற்றுவதற்காகவே வைத்த தகடு.

நீலச்சுடர்

ஒரு சொந்தக் கேள்வி, தவறாக நினைக்க வேண்டாம். படிக்கக் கண்ணாடி போடுகிறீர்களா?

முதல்பொறி

போடுவேன், வயது 47. ஹெல்மெட்டுக்குள் ஆவி பிடிக்கிறது என்று வெல்டு போடும்போது கழற்றி வைத்துவிடுவேன்.

நீலச்சுடர்

இனி கழற்றாதீர்கள். ஆர்க் உங்கள் முகத்திலிருந்து இரண்டடிக்குள் இருக்கிறது, புத்தகம் பிடிக்கிற தூரம்தான். ஹெல்மெட்டுக்குள் செருகும் பெரிதாக்கும் லென்ஸும் கிடைக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வாரம் பழகிவிட்டு எழுதுங்கள்.

தினமும் இதைச் செய்யுங்கள். பட்டையில் சோப்புக்கல்லால் நேர்க்கோடு கிழியுங்கள். மெஷினை அணைத்துவிட்டு ராடைப் பிடித்து அந்தக் கோட்டில் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள், கை எங்கே இடிக்கிறது, கேபிள் எங்கே இழுக்கிறது என்று தெரியும். கேபிளைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். முழங்கையை எதிலாவது ஊன்றுங்கள், இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்குங்கள். அப்புறம் பற்ற வையுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் அடுத்த கோடு, முந்தையதன் மேல் பாதி ஏறுகிற மாதிரி. பட்டை முழுவதும் நிரம்பட்டும். ஒவ்வொன்றுக்கும் கசடை முழுதாகத் தட்டி, வயர் பிரஷ் போட்டு, பிறகுதான் அடுத்தது. பிறை மாதிரி ஆட்டுவது, வட்டம் போடுவதெல்லாம் இப்போது வேண்டாம். நேராக இழுங்கள்.

பற்ற வைப்பதற்கு, தீக்குச்சி உரசுகிற மாதிரி உரசுங்கள். குத்தித் தொட்டால்தான் ஒட்டும். பற்றியதும் கொஞ்சம் தூக்கி, உடனே நெருக்கிவிடுங்கள். உரசுவது வெல்டு வரப்போகும் கோட்டின் மேலேயே இருக்கட்டும், வெளியே உரசினால் அந்த வடு பட்டையில் நிற்கும்.

முதல்பொறி (மூன்று வாரம் கழித்து)

தாமதத்துக்கு மன்னியுங்கள், எழுதுவதற்கு முன்னால் நிறையப் போட்டுப் பார்க்க நினைத்தேன்.

தகட்டைக் கழற்றினால் அது மூடுபனி பிடித்த மாதிரி இருந்தது. புதிது மாட்டி, ஷேடு 10-இல் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பற்ற வைத்தேன். குளம் தெரிந்தது! அதற்குப் பின்னால் கசடு திரை மாதிரி வந்து மூடுவதும் தெரிந்தது. அன்றைக்கு வெல்டே போடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் ராடு ஒட்டிக்கொண்டது. அதற்காக எனக்கு வருத்தமே இல்லை.

கிளாம்பைப் பட்டையில் மாட்டியதிலிருந்து ஒட்டுவது பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. 85 ஆம்ப்ஸ். பட்டை முழுவதும் கோடு நிரப்பி மூன்று முடித்திருக்கிறேன். மூன்றாவதில் கடைசி எட்டுக் கோடுகளில் கசடு தானாகவே சுருண்டு எழுந்து வந்தது. கோட்டின் மேல் வரி, முதலில் கூராக வி மாதிரி இருந்தது, இப்போது உருண்டையாக வருகிறது. வேகம் குறைந்ததால் என்று புரிகிறது.

இப்போது அடுத்த சிக்கல். இரண்டு பட்டையை டி மாதிரி நிறுத்தி மூலையில் போடுகிறேன். கோட்டின் மேல் ஓரத்தில், நிற்கும் பட்டையில், பள்ளம் விழுகிறது. மூலைக்குள் கசடு மாட்டுகிறது.

பட்டறைக்காரன்

பள்ளம் அண்டர்கட். அதைப் பார்த்ததும் ஆம்ப்ஸைக் குறைக்கத் தோன்றும். இங்கே அதைச் செய்யாதீர்கள். டி மூலையில் சூடு மூன்று பக்கம் இழுத்துக்கொண்டு போகும், தட்டையில் போட்டதைவிட 5, 10 ஆம்ப்ஸ் கூட வேண்டும். குறைத்தால் கசடு இன்னும் மாட்டும். முதலில் ஆர்க்கை நெருக்குங்கள், மூலைக்குள் ராடு உரச வேண்டும். இரண்டு பட்டைக்கும் நடுவே 45 டிகிரி. பள்ளம் நிரம்பாமல் நகராதீர்கள். கசடு முன்னால் வந்தால் சாய்வைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

உலைக்களம்

முதல் சில துண்டுகளை முட்டுக் கொடுத்துப் படகு மாதிரி சாய்த்து வைத்துப் போடுங்கள், மூலை நேர் கீழே வரும்படி. குளம் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும். அந்த உருவம் கண்ணில் பதிந்த பிறகு இயல்பான நிலைக்கு வாருங்கள்.

நீலச்சுடர்

வெளித்தோற்றத்தை நம்பாமல் உடைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வெல்டு போட்டு, நன்றாக ஆறவிட்டு, கீழ்ப்பட்டையை வைசில் கடித்து, நிற்கும் பட்டையை வெல்டு இருக்கிற பக்கமாகவே சுத்தியால் அடித்து மடக்குங்கள். மூலையின் அடிப்பகுதி திறந்துகொள்ளும். உடைந்த இடத்தில் கறுப்புக் கோடு இருந்தால் கசடு. பட்டையின் ஓரம் வெட்டிய மாதிரி கூராகவே இருந்தால் அங்கே உருகவே இல்லை என்று அர்த்தம். நல்ல வெல்டு என்றால் எளிதில் உடையாது, பட்டை மடங்கும்.

முதல்பொறி

நான்கு துண்டு உடைத்தேன். 90 ஆம்ப்ஸ்.

முதல் துண்டு மூன்றாவது அடியில் பிரிந்தது. நடுவில் நீளமாகக் கறுப்புக் கோடு. வெளியே பார்க்க அதுதான் நான்கிலும் அழகாக இருந்தது, அதனால் எனக்குப் பெரிய ஏமாற்றம். இரண்டாவது படகு நிலையில் போட்டது, அது பாதி வரை மடங்கிப் பிறகு கிழிந்தது. மூன்றாவதும் நான்காவதும் இயல்பான நிலையில், ராடு உரச உரசப் போட்டவை. இரண்டும் முழுதாக மடங்கின, உடையவில்லை. ஆனால் இரண்டிலுமே தொடங்கிய இடத்தில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் கிழிந்து, பட்டை ஓரம் கூராகவே தெரிகிறது.

நீலச்சுடர்

அற்புதம். தொடங்கும் இடத்தில் பட்டை குளிர்ந்திருக்கிறது, அதனால்தான் அங்கே உருகவில்லை. ஓரத்திலிருந்து 10, 15 மிமீ உள்ளே தள்ளிப் பற்ற வையுங்கள். ஆர்க்கைக் கொஞ்சம் நீட்டிப் பிடித்து ஓரத்துக்குத் திரும்பி வாருங்கள். அந்த ஒரு நொடியில் பட்டை சூடாகும். ஓரத்தில் குளம் உருவானதும் நெருக்கி, முன்னால் போங்கள். பற்ற வைத்த இடமும் குளத்துக்குள் உருகிவிடும். பாதியில் நின்ற கோட்டைத் தொடர்வதும் இப்படித்தான், கோடு நின்ற இடத்தில் இருக்கும் பள்ளத்துக்கு முன்னால் பற்ற வைத்துப் பின்னால் வந்து பள்ளத்தை நிரப்பிவிட்டுப் போக வேண்டும்.

முதல்பொறி

இன்று தொடக்கம் மட்டும் பன்னிரண்டு போட்டு, எல்லாவற்றையும் உடைத்தேன். ஒன்பதில் ஓரம் உருகியிருக்கிறது. கெட்ட மூன்றும் முதலில் போட்டவை. மேசைச் சட்டத்துக்கு இரும்பு வெட்டி வைத்துவிட்டேன். வெல்டு போட்டால் கோணிக்கொள்ளும் என்கிறார்களே, எந்த வரிசையில் போடுவது?

பட்டறைக்காரன்

வெல்டு ஆறும்போது சுருங்கி, தன் பக்கம் இழுக்கும். அதனால் முதலில் நான்கு மூலையிலும் சின்ன டேக் (பிடித்து நிறுத்த மட்டும் போடும் புள்ளி வெல்டு) மட்டும். மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு அளவும் எடுங்கள். இரண்டும் சமமாக வரும் வரை தட்டிச் சரிசெய்து, மறுபக்கமும் டேக் அடியுங்கள். முழு வெல்டு ஒரு மூலையில் போட்டால் அடுத்தது எதிர் மூலையில். ஒரே மூலையைச் சுற்றி ஒரேயடியாக முடிக்காதீர்கள். ஒவ்வொரு மூலைக்குப் பிறகும் குறுக்களவு எடுங்கள். டேக்கின் மேல் வெல்டு ஏறும்போது அதன் கசடைத் தட்டியிருக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

முதல்பொறி

டேக் முடிந்தது. குறுக்களவில் 4 மிமீ வித்தியாசம் வந்தது, ஒரு டேக்கை வெட்டிவிட்டுத் திரும்ப அடித்தேன். இப்போது இரண்டும் சமம். கசடு தட்டிவிட்டேன். நாளைக் காலை முதல் மூலை.